அவள் உள்ளங்காலும் என் சந்தேகமும்

முப்பத்தோரு வருடமாக அடுத்தவர் காலைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் செருப்புக் கடை. உள்ளே வருகிற ஆளின் முகத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். பழைய செருப்பைக் கழற்றிப் போடும்போதே, அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கண் போய்விடும். குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், "முட்டி வலிக்குதாம்மா?" என்று கேட்பேன். "அட, எப்பிடி கண்டுபுடிச்சீங்க?" என்று ஆச்சரியப்படுவார்கள். அதற்குப் பிறகு நான் எந்த ஜோடியை எடுத்து வைத்தாலும் மறு பேச்சு இருக்காது.

ஒருமுறை பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்க வருகிற ஓர் அம்மா, இரண்டு பாதமும் இரண்டு அளவாக இருப்பதைக் காட்டி, "என் காலு ரெண்டும் ரெண்டு வூட்ல வாக்கப்பட்ட மாதிரி கெடக்குதுபா, ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தயே இல்ல" என்றார். இப்படிப்பட்ட பேச்சுக்காகவே நான் கடையைத் திறக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காலைப் பார்த்து நோய் சொல்லும் வித்தையை நானே செய்து வியாபாரம் பார்த்தவன் அல்லவா? அதனால்தான், ஒருத்தி என் மனைவியின் உள்ளங்காலை அமுக்கி, "இது உங்க கிட்னி அக்கா" என்று சொன்னாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. ஒரு வருடமாகவே பாதம் எரிகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பஞ்சு மாதிரி அடிப்பாகம் உள்ள செருப்பாகப் பார்த்து எடுத்துவந்து கொடுத்தேன். செருப்புக் கடைக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். மூலக்குளத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர்தான், அரியாங்குப்பத்தில் ஒரு பெண் ரிஃப்ளெக்ஸாலஜி என்று பாதத்தை அமுக்கி விடுகிறாள், மாத்திரை மருந்து எதுவும் கிடையாது, எல்லாம் இயற்கை என்று சொல்லி அழைத்துப்போனார். முதல் நாள் போய்விட்டு வந்த மனைவி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, நம்ம ஒடம்பு மொத்தமும் உள்ளங்காலுலதான் இருக்குதாம். கட்ட வெரலு தலையாம், குதிகாலு இடுப்பாம்."

"அப்போ மேல நின்னுனு இருக்கறது இன்னாது?"

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாரு, என்ன சொல்லணும்."

ஆனால் அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். தூக்கத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. யாரோ ஒருத்தி கட்டை விரலை அமுக்கினால் தூக்கம் வருகிறது, நான் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த செருப்பைப் போட்டால் வரவில்லை என்பதுதான் உறுத்தியது.

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை முக்கால்வாசிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் அவளை நானே அழைத்துப் போகிறேன் என்றேன். அவளுக்கு சந்தோஷம். நான் போனது வேவு பார்க்க.

பாலம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மாடி வீடு. செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே விட்டுவிட்டு ஏற வேண்டும். மேலே சாய்வு நாற்காலி மூன்று, கல்லுப்பு போட்ட வெந்நீர்ப் பேசின், பென்சில் நீளத்துக்கு முனை மழுங்கிய, பாதத்தை அமுக்குகிற மரக்கட்டை ஒன்று. சுவரில் இரண்டு பாதங்களின் படம். கல்லீரல், கிட்னி, கண், காது என்று வீட்டுமனைக்கு லே அவுட் போட்ட மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து வண்ணம் அடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டாளாம். பேச்சு குறைவு. பேச்சுக் குறைவானவர்கள் மேல் எனக்கு இயல்பாகவே சந்தேகம் உண்டு.

ஆனால் அவளுக்கும் சேர்த்து நாற்காலியில் இருந்தவர்கள் பேசினார்கள். அதில் ஒருவர் சொல்தா வீட்டு அம்மா. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பங்களை எங்கள் பக்கம் சொல்தா வீடு என்றுதான் சொல்வோம். இன்னொருவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி வீட்டு அம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் யாருடைய நோய் முதலில் ஓடும் என்று ஒரு போட்டியே நடந்தது.

"எனுக்கு ஈரலு வுட்டுப்போச்சு. போன வாரம் கை வெச்சா உயிர் போவும், இப்போ அமுக்குனா அமுக்குன மாதிரியே இல்ல" என்றார் கிராமத்து அம்மா.

"மோன் தியே, கடவுளே, எனக்கு இன்னும் கிட்னி கத்திக்கிட்டே இருக்குது. நான் உனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வந்தவ" என்று சொல்தா வீட்டு அம்மா அலுத்துக்கொண்டார்.

"நீங்க காபிய வுடல. நான் வுட்டுட்டேன்."

"காபிய விட்டுட்டு உசுரோட இருந்து என்ன பண்றது?"

என் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, முதல் ரேங்க் வாங்குகிறவளைப் பார்க்கிற பார்வை. அப்போது அந்தப் பெண் அவள் பாதத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வலிக்குதோ அங்க அடைப்பு இருக்குதுன்னு அர்த்தம் அக்கா. வலி கொறைய கொறைய அடைப்பு விடுதுன்னு வெச்சிக்கோங்க."

இந்த வாக்கியத்தை நான் மனதில் குறித்துக்கொண்டேன். எனக்கும் ஒரு வாக்கியம் உண்டு: 'ரெண்டு நாள் கடிக்கும், அப்புறம் காலுக்குப் பழகிடும்.' விற்கிறவன் வாயில் வருகிற எந்த வாக்கியமும் விற்கிறவனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணைச் சோதிக்க வேண்டும். பித்தப்பையில் கல் இருக்கிறது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். எனக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. அவள் கட்டை விரலை என் பாதத்தில் ஊன்றி, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனாள். சுண்டு விரலுக்குக் கீழே ஓர் இடத்தில் நிறுத்தினாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"வலது தோள்பட்டை புடிச்சிருக்குதா அண்ணா?"

புடிச்சிருந்ததுதான். முப்பது வருடம் பரண்மேலிருந்து அட்டைப்பெட்டி இறக்கிய தோள். ஆனால் நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும்போது கையை உதறியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருப்பாள். நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

"கல்லுன்னீங்களே, ஸ்கேன் எடுத்தீங்களா?" என்றாள் அடுத்து.

"எடுக்கணும்."

"எடுக்காமயே எப்பிடி தெரிஞ்சிச்சி?"

சொல்தா வீட்டு அம்மா சிரித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவமானத்தில் மூடியதுதான். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது மணி மூன்றே முக்கால். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து ஒரு குரல்: "வேவு பாக்க வந்தவரு கொறட்ட வுட்டதுல ஃபேன் சத்தமே கேக்கல."

சுகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுகம் வேறு, குணம் வேறு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அவளிடம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால் கொண்டைக்கடலைச் சுண்டல் மணம். பண்டிகை இல்லை, விருந்தாளி இல்லை.

"இன்னா விசேஷம்?"

"வலி சுத்தமா போச்சுங்க. இன்னிக்கி கிட்னி, கணையம் எல்லாத்தயும் அமுக்குனா. ஒண்ணுமே தெரியல. அந்த சொல்தா வூட்டம்மா மூஞ்ச பாக்கணுமே! சர்க்கரப் பொங்கல் வெக்க முடியாது, அதான் சுண்டல்."

எரிச்சலும் ஊறலும்கூடப் போய்விட்டதாம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் சுண்டலைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. தின்னும்போதே என் கண் அலமாரிக்குப் போனது. மாத்திரை அட்டைகள் அங்கேதான் இருக்கும். காலை மாத்திரை அட்டை தீரும் நிலையில் இருந்தது. மாலை மாத்திரை அட்டையில் பத்து மாத்திரைகள் கலையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"இது இன்னாது?"

"அதான் வலி போச்சுல்ல. எதுக்கு ரெண்டு வேள?"

"அவ நிறுத்தச் சொன்னாளா?"

"அவ ஒண்ணுமே சொல்லல. நானாத்தான்."

"பொய் சொல்லாத. அவதான் சொல்லியிருப்பா."

"உங்களுக்கு அவ மேல ஏன் இவ்ளோ கடுப்பு? அவ அமுக்குனா எனுக்கு நல்லாவுது, அதான?"

அவளுக்கு நல்லாகவில்லை, நல்லாகிவிட்டதாக நம்புகிறாள், அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. அதை நிரூபித்துவிட்டால் மாத்திரைக்குத் திரும்பிவிடுவாள். எப்படி நிரூபிப்பது? அமுக்குவது அந்தப் பெண்ணாக இருக்கக்கூடாது. எந்த இடத்தை அமுக்குகிறார்கள் என்பதும் தெரியக்கூடாது. அப்போது வலித்தால் வலிக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிவிடும். 'பாரு, உன் அடைப்பு எங்கயும் போவல' என்று சொல்லிவிடலாம். இதுதான் என் திட்டம்.

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாடு ஆனதும், கூடத்துத் தரையில் அவளை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னேன்.

"இன்னிக்கி நான் அமுக்கறேன்."

"தோடா! செருப்பு மாட்டி வுடற கைக்கு இந்த வேல தெரியுமா?"

"கண்ண மூடு. பாத்தா நீ ஏமாத்துவ."

சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கட்டிக்கொண்டாள். நான் அவளுடைய வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுண்டு விரலுக்குக் கீழே மெல்ல ஊன்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பலமாக. அப்போதும் இல்லை. பேனாவின் மூடியால் அழுத்தினேன். நகம் வெளுக்கிற அளவுக்கு என் முழு பலத்தையும் போட்டேன்.

"ஆரம்பிங்களேன்," என்றாள் அவள். "இன்னாத்துக்கு சும்மா உக்காந்துனு இருக்கீங்க?"

அடுக்களைக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கை அவள் காலில்தான் இருந்தது.

குதிகாலுக்கு வந்தேன். "ம், இப்போ தெரியுது" என்றாள். நடுப் பாதத்தில் அரைகுறையாக. மறுபடி முன் பாதத்துக்குப் போனேன். ஒன்றுமில்லை. இடது காலிலும் அதே கதை. வெளிச்சத்துக்காக வலது பாதத்தைத் திருப்பிப் பிடித்தபோதுதான் அதைப் பார்த்தேன். கட்டை விரலுக்குப் பின்னால், துவரம்பருப்பு அளவில், ஓரம் வெளுத்து நடுவில் சிவந்த ஒரு புண்.

"இது எப்பலேருந்து?"

"எது?"

துண்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவளுக்கே அது புதுசு. விரலால் தொட்டுப் பார்த்தாள். யாரோ ஒருத்தருடைய காலைத் தொடுகிற மாதிரி தொட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் கடைக்கு எதிரே காய்கறி விற்ற ஒருவருக்கு இப்படி ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்து, முதலில் விரலையும் பிறகு முழங்கால் வரை காலையும் எடுக்க வேண்டி வந்ததை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். அந்த ஆள் பெயரை நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் நாலு மணிக்குத்தான் கிளினிக் திறப்பார். இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் அறிவோடு செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவளையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை அரியாங்குப்பத்துக்கு விட்டேன்.

மாடிக்குப் போனதும் என் குரல் உயர்ந்துவிட்டது. "இன்னா பண்ணி வெச்சிருக்க பாரு! உன் கட்ட குத்தி, உன் வெந்நீர்ல வெந்து, கால்ல புண்ணு. வலி போனா நோய் போச்சுன்னு சொன்னியே, காலே போயிருக்கும்!"

அவள் என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"போன வியாழக்கெழம இது இல்ல அண்ணா. நான் தொடச்சிட்டுத்தான் கை வெப்பேன், இருந்தா பாத்திருப்பேன்." பிறகு என் மனைவியிடம், "அக்கா, வலி இல்லன்னு சொன்னீங்களே, அமுக்குறதாவது தெரிஞ்சிச்சா?"

என் மனைவி தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். "தெரியல. அதான் நல்லதுன்னு நெனச்சேன். எல்லாரும் அப்பிடித்தான சொன்னாங்க."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் கேட்டிருக்கணும்," என்றாள். உடனே எழுந்து அறையைப் பூட்டினாள். "டாக்டர்கிட்ட போவலாம் வாங்க. சண்ட அப்புறம் போட்டுக்கலாம். நானும் வரேன்."

பழி தன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் ஸ்கூட்டி எங்களுக்குப் பின்னால் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

டாக்டரும் என் மனைவியைக் கண்ணை மூடத்தான் சொன்னார். நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்துப் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். நாலு இடத்தில்தான் அவள் சொன்னாள்.

"உணர்ச்சி கொறஞ்சிருக்கும்மா. இது ரெண்டு மாசத்துல வர்றதில்ல, சர்க்கரையால வருசக்கணக்கா ஆவுறது. மாத்திரைய ஒழுங்கா எடுக்கறீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளே சொல்லிவிட்டாள்.

"வலிக்கலன்னு சந்தோஷப்பட்டீங்களா?" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "வலிச்சிருந்தா ரெண்டு நாள் முன்னாடியே வந்திருப்பீங்க. நல்லவேள, புண்ணு ஆழமில்ல. இன்னும் ஒரு வாரம் நடந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன். எது குத்திச்சி?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். டாக்டர் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. "அவங்க செருப்பு எங்க?" என்றார்.

"செருப்பு நம்ம கடைது சார். ஸ்பெஷல் சாஃப்ட். அதுல ஒண்ணும் இருக்காது" என்றேன்.

வாசலில் கிடந்த செருப்பை அந்தப் பெண்தான் போய் எடுத்துவந்தாள். புரட்டிப் பார்க்கவில்லை. உள்பக்கத்தில் கட்டை விரலை ஊன்றி, என் பாதத்தில் நகர்த்தினாளே, அதே மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனாள். முன் பக்கத்தில், வார் உள்ளே இறங்குகிற இடத்துக்குக் கிட்டே நிறுத்தினாள்.

"அண்ணா, இங்க கை வெச்சிப் பாருங்க."

வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு முனை, விரலில் சுருக்கென்று ஏறியது.

அந்த ஆணியை எனக்குத் தெரியும். மழைக் காலத்தில் ஒரு நாள், வார் பிய்ந்துபோய் மனைவி கடைக்கு வந்து நின்றாள். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். வாங்குகிறவர்களுடைய செருப்பாக இருந்தால் ஊசி நூல் எடுத்துத் தைத்திருப்பேன். வீட்டுக்காரி செருப்புதானே என்று ஒரு சின்ன ஆணியை அடித்து, "இப்பத்திக்கி போட்டுக்க, நாளைக்கி தச்சித் தரேன்" என்றேன். அந்த நாளை வரவேயில்லை. அவளும் கேட்கவில்லை. உள்துணி தேயத் தேய முனை தலைகாட்டியிருக்கிறது. தினமும் அதன் மேல் அவள் நடந்திருக்கிறாள்.

அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்துக் கட்ட நானே அழைத்துப்போனேன். இப்போது மாலை மாத்திரை என் கண் முன்னால் தொண்டையில் இறங்க வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகு அவள் மறுபடி அரியாங்குப்பத்துக்குப் போகிறாள். மரக்கட்டை கிடையாது, வெந்நீர் கிடையாது, வெறும் கையால் மெதுவாக. தூக்கம் வருகிறதாம். அந்த மாடிச் சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு இருக்கிறது: சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வரவும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. நல்ல காரியம்தான். இதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நம்பி வருவார்கள் என்ற கணக்கும் அதில் இருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. உள்ளங்காலில் கிட்னி இருக்கிறது என்பதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் கடையில் எந்த ஜோடியை விற்றாலும் இப்போது உள்ளே கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருகிறேன். "இன்னா தேடறீங்க உள்ள?" என்று சிரிக்கிறார்கள்.

தினமும் காலையில், கடைக்குக் கிளம்பும் முன், அவள் பாதத்தை மடியில் வைத்துக் கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன். பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு இடமாக விரலால் தொடுகிறேன்.

"இப்போ?"

"ம்."

"இப்போ?"

"ம். போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்ளோ கேக்க மாட்டாங்க."

"இப்போ?"

"ம், தெரியுதுங்க. நல்லா தெரியுது."

கடைசித் தடவை நான் தொடவே இல்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.